அறை எண் எங்கே? டெல்டா மாவட்டங்களின் எச்.ஐ.வி. போஸ்டர்கள்: ஒரு மதிப்புரை

ஒரு எச்.ஐ.வி. போஸ்டரை எடைபோட ஒரு கேள்வி போதும். அதைப் படித்தவருக்கு, மறுநாள் காலை எந்தக் கட்டிடத்தில் எந்த அறைக்குப் போக வேண்டும் என்று தெரிந்துவிட்டதா? தஞ்சாவூர், திருவாரூர், நாகப்பட்டினம், மயிலாடுதுறை மாவட்டங்களில் அரசு மருத்துவமனை வராந்தா, ஆரம்ப சுகாதார நிலையம், பஸ் ஸ்டாண்டு, கல்லூரிச் சுற்றுச்சுவர் என்று இந்தப் போஸ்டர்களுக்குப் பஞ்சமில்லை. தாளின் தரம் கூடியிருக்கிறது. படங்கள் முன்னைவிட நாகரிகமாக இருக்கின்றன. மருத்துவத் தகவலும் பெரும்பாலும் சரி. அறை எண்தான் இல்லை. சிவப்பு ரிப்பனுக்கு முக்கால் அடி, தலைவர்களின் படத்துக்கு ஓர் அடி, முழக்கத்துக்கு அரை அடி போக மிஞ்சிய ஓரத்தில் "மேலும் விவரங்களுக்கு அருகிலுள்ள அரசு மருத்துவமனையை அணுகவும்" என்று ஒரு வரி. முந்நூறு நானூறு படுக்கை உள்ள மருத்துவமனையில் அந்த வரியை வைத்துக்கொண்டு யாரிடம் போய் என்ன கேட்பது? ஓ.பி. சீட்டு கொடுக்கும் இடத்தில், பின்னால் இருபது பேர் நிற்க, "எய்ட்ஸ் டெஸ்ட் எங்கே எடுப்பாங்க?" என்று கேட்கும் துணிச்சல் உள்ளவருக்குப் போஸ்டரே தேவையில்லை.

வகைவாரியாகப் பார்ப்போம். எல்லாவற்றுக்கும் ஒரே அளவு இடம் கொடுக்கப் போவதில்லை. சிலவற்றில் சொல்ல அதிகம் இல்லை.

பழைய தகரப் பலகை

சில கிராமச் சாலைகளில் இன்னும் நிற்கிறது: கறுப்புப் பின்னணி, மண்டை ஓடு அல்லது எலும்பும் தோலுமான ஓர் ஆள், "உயிர்க்கொல்லி நோய் எய்ட்ஸ்" என்ற தலைப்பு. 1986-ல் சென்னையில் மருத்துவர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் இந்தியாவின் முதல் எச்.ஐ.வி. தொற்றுகளைக் கண்டறிந்த பிறகு, நல்ல மருந்தோ இலவச சிகிச்சையோ இல்லாத காலத்தில் பிறந்த பாணி இது. அன்றைக்குப் பயமுறுத்துவதைத் தவிர கையில் வேறு சரக்கு இல்லை. 2004 ஏப்ரலில் அரசு, கிருமியை அடக்கி வைக்கும் ஏ.ஆர்.டி. மருந்துச் சிகிச்சையை இலவசமாகத் தொடங்கிய பிறகும் இந்தப் படத்தை வைத்திருப்பதற்குக் காரணம் கிடையாது. மண்டை ஓட்டைப் பார்க்கிறவர் "எனக்கு இருந்தால் செத்தேன், தெரியாமலே இருந்துவிட்டுப் போகிறேன்" என்ற முடிவுக்குத்தான் வருவார். பரிசோதனைக்கு ஆள் வரவேண்டும் என்றால் இதைவிட மோசமான அழைப்பிதழ் வேறில்லை. கழற்றிப் பழைய இரும்புக் கடையில் போடலாம்.

இதோடு சேர்த்துச் சொல்ல வேண்டியது, 2000-களின் தொடக்கத்தில் தமிழ்நாடு முழுக்கப் பேனரும் சுவருமாக வந்த "புள்ளிராஜாவுக்கு எய்ட்ஸ் வருமா?" இன்றைக்கும் நாற்பது தாண்டியவர்களிடம் கேட்டால் அந்த ஒரு வரியை மட்டும் ஒப்பிப்பார்கள். ஒரு விளம்பரம் இத்தனை வருடம் நினைவில் நிற்பது சாதாரண விஷயமில்லை. டீக்கடையில் எய்ட்ஸ் என்ற சொல்லைச் சத்தமாகச் சொல்ல வைத்ததே அதுதான். ஆனால் கேள்வி நின்ற அளவுக்குப் பதில் நிற்கவில்லை. பெயர் மட்டும் கேலிப்பெயராகத் தெருவில் தங்கிவிட்டது. போஸ்டர் அடிக்கிறவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது: கேள்வியை எந்த அளவு எழுத்தில் அடிக்கிறோமோ, அதே அளவில் பதிலும் அதே தாளில் இருக்க வேண்டும்.

டிசம்பர் 1 ஃப்ளெக்ஸ்

எண்ணிக்கையில் அதிகம் இதுதான். உபயோகத்தில் குறைவும் இதுதான். உலக எய்ட்ஸ் தினம் 1988 முதல் டிசம்பர் 1-ல் அனுசரிக்கப்படுகிறது. டெல்டாவில் அந்தத் தேதி வடகிழக்குப் பருவமழையின் நட்டநடுவில் வருகிறது. நவம்பர் கடைசி வாரத்தில் கட்டிய ஃப்ளெக்ஸ் ஊர்வலம் முடிந்து பத்து நாளில் கம்பத்தைச் சுற்றிச் சுருண்டுவிடும். கடலோரத்தில் இன்னும் மோசம்: நாகை, வேதாரண்யம் பக்கம் உப்புக் காற்றில் ஓரத்துக் கண்ணிகள் துருப்பிடித்து முதலில் அவைதான் கிழியும். 2018-ல் கஜா புயல் கரை கடந்தது நவம்பர் 16. அந்த வருடம் கட்டுவதற்குக் கம்பமே மிஞ்சவில்லை.

மழைக்குத் தப்பிய ஃப்ளெக்ஸ் வெயிலில் மாட்டும். அச்சு மையில் முதலில் வெளுப்பது மஞ்சளும் மெஜந்தாவும். நீலமும் கறுப்பும் நின்றுவிடும். சிவப்பு என்பது மஞ்சளும் மெஜந்தாவும் சேர்ந்த நிறம். ஆகவே சித்திரை வெயில் முடிவதற்குள் ரிப்பன் வெளிறிய ரோஸாகி, அப்புறம் அழுக்கு வெள்ளையாகி, பின்னணியில் கரைந்துபோகிறது. பக்கத்தில் சிரிக்கிற குடும்பத்தின் முகமெல்லாம் நீலம் பாய்ந்து, நோயாளிகளைப் போல ஆகிவிடுகிறது. நலமாக வாழலாம் என்று சொல்ல வைத்த படம் நேர் எதிரான செய்தியைச் சொல்லிக்கொண்டு தொங்குகிறது. முக்கியமான எழுத்தைச் சிவப்பில் அடிக்கக் கூடாது என்பதற்கு இதுவே போதுமான காரணம். எழுத்து கறுப்பு அல்லது கருநீலம்; சிவப்பு அலங்காரத்துக்கு மட்டும்.

எழுத்தளவிலும் பிழை உண்டு. பத்தடி தூரத்துக்கு ஓர் அங்குல உயரம் என்பது அச்சுக்காரர்கள் வைத்திருக்கும் தோராயக் கணக்கு. பஸ் ஸ்டாண்டில் பெஞ்சில் உட்கார்ந்திருப்பவருக்கும் எதிர்ச் சுவருக்கும் இருபதடி என்றால் தலைப்பு எழுத்து குறைந்தது இரண்டு அங்குலம் வேண்டும். தமிழில் மேலே விசிறியும் கீழே சுழியும் இருப்பதால் வரிகளை நெருக்கி வைத்தால் மேல் வரியின் "ழு" கீழ் வரியின் "ரி"யோடு மோதிக்கொள்ளும். வரிக்கு வரி எழுத்துயரத்தில் பாதியாவது இடைவெளி விட வேண்டும். புள்ளியும் ஒரு பிரச்சினை: கனமான எழுத்துருவைச் சின்ன அளவில் அடித்தால் புள்ளி அடைத்துப் போகும், சில சமயம் பழைய எழுத்துருவிலிருந்து யூனிகோடுக்கு மாற்றும்போது விழுந்தே போகும். பிளேட் போடுவதற்கு முன் ஒரு தாள் பிரிண்ட் எடுத்து, சுவரில் ஒட்டி, இருபதடி தள்ளி நின்று, கண்ணாடி போடாத ஒருவரைப் படிக்கச் சொன்னால் பாதிப் பிழை அங்கேயே பிடிபடும்.

டிசம்பர் 1-க்கு ஃப்ளெக்ஸ் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஊர்வலத்துக்கு ஒன்றிரண்டு இருக்கட்டும். சுவரில் நிற்க வேண்டியதைப் பொங்கல் கழிந்து வைப்பது நல்லது. மழை ஓய்ந்திருக்கும். சம்பா அறுவடை, அறுவடை இயந்திரங்களோடு வெளிமாவட்டத்திலிருந்து வரும் டிரைவர்கள், கொள்முதல் நிலையத்து வாசலில் நாள்கணக்கில் வரிசையில் நிற்கும் லாரிகள் எல்லாம் தை, மாசியில்தான். படிக்க நேரமுள்ள ஆட்கள் அப்போதுதான் ஊருக்குள் இருக்கிறார்கள்.

நான்கு கட்டம்

அனேகமாக எல்லா ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இருப்பது. நான்கு சமக் கட்டங்கள்: பாதுகாப்பற்ற உடலுறவு, பரிசோதிக்காத ரத்தம், சுத்தம் செய்யாத ஊசி, தாயிடமிருந்து குழந்தைக்கு. கீழே எப்படிப் பரவாது என்று கொசு, கைகுலுக்கல், ஒரே தட்டில் சாப்பாடு, பொதுக் கழிப்பறை. ஒவ்வொரு தகவலும் சரிதான். கட்டங்கள் சமமாக இருப்பதுதான் சிக்கல். பார்க்கிறவர் நான்கையும் கால் கால் பங்கு என்று எடுத்துக்கொள்கிறார். இந்தியாவில் தொற்றில் மிகப் பெரும்பகுதி உடலுறவு வழியாக வருவது. ரத்த வங்கியில் ஒவ்வொரு யூனிட்டும் எச்.ஐ.வி.க்குச் சோதிக்கப்படுவது கட்டாயம். அப்படியிருக்க, முதல் கட்டம் தாளில் பாதியைப் பிடித்திருக்க வேண்டும். சில பதிப்புகளில் சவரக் கடை பிளேடு ஐந்தாவது கட்டமாக வந்து உட்கார்ந்திருக்கிறது. புது பிளேடு கேட்பது நல்ல பழக்கம், மஞ்சள் காமாலை பி, சி வகைகளுக்காகவாவது கேட்கத்தான் வேண்டும். ஆனால் எச்.ஐ.வி. போஸ்டரில் பிளேடைப் பெரிதாகப் போட்டால், "நான் எங்கேயும் போகலை, சலூன்ல வந்திருக்கும்" என்று சொல்லிக்கொள்ள வசதியாகப் போய்விடுகிறது. அதைவிட, ஊர் சலூன்காரர் மீது தேவையில்லாத சந்தேகமும் விழுகிறது.

"எய்ட்ஸ் பரவும் வழிகள்" என்ற தலைப்பும் மாற வேண்டும். பரவுவது எச்.ஐ.வி. கிருமி. சிகிச்சையில்லாமல் வருடக்கணக்கில் விட்டு, எதிர்ப்புச் சக்தி குறைந்து, காசநோய் மாதிரியான தொற்றுகள் ஏறும் கட்டம்தான் எய்ட்ஸ். கிருமி இருப்பவர் எல்லாரும் எய்ட்ஸ் நோயாளி என்று போஸ்டரே சொல்லிக்கொடுத்தால், மாத்திரை சாப்பிட்டுக்கொண்டு வயலுக்கும் ஆபீசுக்கும் போய்வருகிறவரை ஊர் வேறு மாதிரி பார்க்கும்.

இன்னொன்று: "ஒருவனுக்கு ஒருத்தி". திருமண மண்டபத்து வாசலில் எழுதினால் அழகாக இருக்கும். தடுப்பு அறிவுரையாக இது வீட்டிலிருக்கும் பெண்ணைக் கைவிடுகிறது. கணவரைத் தவிர வேறு யாரையும் அறியாத பெண்கள் ஏராளமானோருக்குத் தொற்று வந்தது கணவரிடமிருந்துதான். அவர்கள் இந்த வரியைப் படித்துவிட்டு "நமக்கு வராது" என்று நகர்ந்துவிடுவார்கள். இருவரும் சோதித்துக்கொள்ளுங்கள் என்ற ஒரு வரி அந்த முழக்கத்தைவிட எவ்வளவோ மேல்.

ஆணுறைப் படங்கள்

நேரடியாகப் படம் போட்டுச் சொல்லும் போஸ்டர் பஸ் ஸ்டாண்டில் கிடைக்காது. பால்வினை நோய் சிகிச்சை அறையின் உட்சுவரில் இருக்கும். இருக்கிற இடத்தில் பயனுள்ளது. வழக்கமான ஆறு படத்தில் விடுபட்டுப் போவது எப்போதும் அதே இரண்டுதான். நுனியைப் பிடித்துக் காற்றை வெளியேற்றிக்கொண்டு மாட்டுவது ஒன்று. காற்று அடைத்துக்கொண்டால் கிழிய வாய்ப்பு அதிகம். முடிந்ததும் விறைப்பு குறைவதற்குள் அடிப்பகுதியைப் பிடித்தபடி வெளியே எடுப்பது இன்னொன்று; இல்லாவிட்டால் நழுவிவிடும். பாக்கெட்டில் காலாவதி தேதி பார்ப்பதும், பல்லால் கிழிக்காமல் கையால் கிழிப்பதும் சில பதிப்புகளில் இருக்கின்றன, நல்லது.

நம்மூருக்கென்று சேர்க்க வேண்டியது எண்ணெய். தேங்காய் எண்ணெய், நல்லெண்ணெய், பெட்ரோலியம் ஜெல்லி, எது பட்டாலும் லேடக்ஸ் சில நிமிடங்களிலேயே பலமிழக்கத் தொடங்கும். வீட்டில் கைக்கு எட்டும் தூரத்தில் இருப்பது தேங்காய் எண்ணெய் பாட்டில்தான். நீர் சார்ந்த வழவழப்பு மட்டும் என்று எழுதி, எண்ணெய் பாட்டில் மீது பெருக்கல் குறி போட்டுப் படம் வைத்தால் போதும். லாரி கேபினில், டேஷ்போர்டு மேல் வெயிலில் வைத்த பாக்கெட்டும், பர்சில் மாதக்கணக்கில் மடங்கிக் கிடந்ததும் அப்படித்தான். கொள்முதல் நிலையத்து லாரி வரிசைக்குப் போஸ்டர் அடித்தால் இந்த ஒரு விஷயத்தை மட்டும் அடித்தாலே பணம் வீணில்லை.

கர்ப்பிணிகளுக்கானது

மொத்தத்தில் சிறந்தது இதுதான். காரணம் எளிது: வைத்திருக்கும் இடமும், படிக்கிற ஆளும், செய்ய வேண்டிய காரியமும் ஒரே அறையில் இருக்கின்றன. கர்ப்பம் பதிவு செய்ய வந்த பெண் பெஞ்சில் காத்திருக்கிறார், எதிரே போஸ்டர், பத்தடியில் ரத்தம் எடுக்கும் மேஜை. தகவலும் கச்சிதம். சிகிச்சை எதுவும் இல்லாவிட்டால் தாயிடமிருந்து குழந்தைக்குத் தொற்று போகும் வாய்ப்பு 15 முதல் 45 சதவீதம், தாய் ஏ.ஆர்.டி. மாத்திரை எடுத்து, குழந்தைக்குப் பிறந்ததும் சொட்டு மருந்து கொடுத்தால் 5 சதவீதத்துக்கும் கீழே இறங்கிவிடும். எச்.ஐ.வி.யோடு சிஃபிலிஸ் சோதனையும் அப்போதே ஆகிவிடுகிறது.

குறை இரண்டு. குழந்தை பிறந்த பிறகு என்ன என்பது போஸ்டரில் இல்லை: ஆறாவது வாரத்தில் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தச் சோதனை, அப்புறம் இடையிடையே, முடிவாக 18-ஆவது மாதத்தில் ஒன்று. பிரசவம் ஆகித் தாய்வீட்டுக்குப் போனவர்கள் விட்டுவிடுவது இந்தக் கட்டத்தில்தான். ஐந்தாம் மாதம், ஏழாம் மாதம், வளைகாப்பு, தாய்வீடு என்று பெண் ஊர் மாறிக்கொண்டே இருப்பாள் என்பது தெரிந்த விஷயம். "எந்த ஊருக்குப் போனாலும் அங்குள்ள நம்பிக்கை மையத்தில் இந்தச் சீட்டைக் காட்டலாம்" என்று அச்சிடுவது பெரிய செலவில்லை (நம்பிக்கை மையம் என்பது அரசு மருத்துவமனையில் எச்.ஐ.வி. ஆலோசனையும் பரிசோதனையும் நடக்கும் இடம்). அடுத்து, படத்தில் எப்போதும் பெண் மட்டும். கணவரையும் கூட்டிவந்து சோதிக்கச் சொல்லும் வரி இருக்கிறது, படத்தில் ஆளைக் காணோம். மசக்கைக்கு மாங்காய் வாங்கித்தர மட்டும் ஆண் வந்தால் போதும் என்று படம் வரைகிறவர்கள் நினைத்துவிட்டார்கள் போல.

சிகிச்சைப் போஸ்டர்

சமீபத்தில் வந்தவற்றில் செய்தி அளவில் முக்கியமானது. தினமும் ஒரு மாத்திரை. டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டோலுடெக்ராவிர் 50 மில்லிகிராம் மூன்றும் அதில் அடக்கம். ஒழுங்காகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி அளவு சோதனையில் கண்டறிய முடியாத அளவுக்கு இறங்கி, அப்படியே நின்றுவிட்டால் உடலுறவு வழியாக அவரிடமிருந்து மற்றவருக்குப் பரவாது. இது ஆறுதலுக்குச் சொல்வதில்லை. 2019-ல் வெளியான பார்ட்னர்-2 ஆய்வில், ஒருவருக்குத் தொற்று இருந்து மாத்திரையால் கட்டுக்குள் இருந்த 782 ஆண் ஜோடிகளில், ஆணுறை இல்லாத சுமார் 76,000 உறவுகளுக்குப் பின்னும் துணையிடமிருந்து வந்த தொற்று ஒன்றுகூட இல்லை.

இவ்வளவு பெரிய செய்தியைப் போஸ்டர்கள் "யு = யு" (அன்டிடெக்டபிள் = அன்டிரான்ஸ்மிட்டபிள், அதாவது கண்டறிய முடியாவிட்டால் பரவாது) என்று இரண்டு எழுத்தில் அடித்து முடித்துவிடுகின்றன. சுகாதாரத் துறைக்கு வெளியே அது யாருக்கும் புரியாது. கணக்கு வாத்தியார் போட்ட சமன்பாடு மாதிரி இருக்கிறது. "தினமும் மாத்திரை. கிருமி அடங்கும். துணைக்குப் பரவாது. குழந்தையும் பெறலாம்" என்று நான்கு வரி போதும். கூடவே எச்சரிக்கை ஒன்று வேண்டும்: மாத்திரையை நடுவில் நிறுத்தினால் கிருமி மறுபடி ஏறும். தீபாவளிக்கு, கோவில் விரதத்துக்கு, நாட்டு மருந்து ஆரம்பித்ததால், வெளியூர் வேலைக்குப் போனதால் என்று நிறுத்துவதற்குக் காரணங்கள் நிறைய. அந்தக் காரணங்களைப் பெயர் சொல்லி எழுதும் போஸ்டர்தான் வேலை செய்யும்.

வைக்கும் இடமும் தவறு. ஏ.ஆர்.டி. மையத்துக்கு உள்ளே ஒட்டுகிறார்கள். அங்கே வருகிறவர்களுக்கு இது ஏற்கெனவே ஆலோசகர் சொன்ன விஷயம். சோதனைக்கே வரப் பயந்து வெளியே நிற்பவர் பார்க்க வேண்டிய போஸ்டர் இது.

ஊழியர்களுக்கான போஸ்டர் பற்றி ஒரே வரி: ஊசி குத்திவிட்டால் பிதுக்காதீர்கள், சோப்பு போட்டுத் தண்ணீரில் கழுவுங்கள், முடிந்தால் 2 மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்குங்கள், 28 நாள் முடியுங்கள் என்று தெளிவாக இருக்கிறது, இரவு டியூட்டியில் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற கட்டத்தை மட்டும் நிரப்பாமல் விட்டிருப்பார்கள்.

கல்லூரிச் சுவர் ஓவியம்

கல்லூரிகளில் எய்ட்ஸ் விழிப்புணர்வுக்காக இயங்கும் செஞ்சுருள் சங்க மாணவர்கள் வரைவது. ஆர்வத்துக்கு முழு மதிப்பெண். பாம்பு, அசுரன், தூக்குக் கயிறு எல்லாம் வராமல் பார்த்துக்கொள்ள வேண்டிய பொறுப்பு பேராசிரியருடையது. தொழில்நுட்பமாக ஒரு விஷயம்: டெல்டாவில் சுவரின் கீழ்ப் பகுதி ஈரம் இழுத்து உப்புப் பூக்கும். தரையிலிருந்து இரண்டு மூன்றடி வரை எதை எழுதினாலும் ஒரு மழைக்காலத்தில் பொரிந்து விழும். அதற்கு மேல் தொடங்கி, பொரிந்ததைச் சுரண்டி, பிரைமர் ஒரு கோட், வெளிச்சுவர் எமல்ஷன் இரண்டு கோட் அடித்து வரைந்தால் மூன்று நான்கு வருடம் தாங்கும். தொலைபேசி எண்ணைக் கீழ் ஓரத்தில் எழுதுவது வழக்கமாகிவிட்டது. முதலில் உதிர்வது அதுதான்.

எங்கே, எப்படி ஒட்டுவது

படிக்கிறதை யாரும் பார்க்காத இடம் வேண்டும். இந்த விஷயத்தில் போஸ்டரைவிட இடம் முக்கியம். ஆட்கள் நடமாடும் வராந்தாவில் எச்.ஐ.வி. போஸ்டர் முன்னால் இரண்டு நிமிடம் நின்று படிக்க நம் ஊரில் யாரும் தயாரில்லை. தெரிந்தவர் பார்த்துவிட்டால் சாயங்காலத்துக்குள் கதை கட்டிவிடுவார்கள். கட்டணக் கழிப்பறைக் கதவின் உட்புறம், லாட்ஜ் அறையில் அலமாரிக் கதவு, ரைஸ் மில்லில் டிரைவர்கள் படுக்கும் ஷெட், மீன்பிடித் துறைமுகத்து வலை பின்னும் கூடம், ஓ.பி. சீட்டின் பின்பக்கம், இவையெல்லாம் நல்ல இடங்கள். கழிப்பறைக்கு உள்ளங்கை இரண்டு அளவு வினைல் ஸ்டிக்கர் போதும். இந்திய வகைக் கழிப்பறையில் உட்கார்ந்தவரின் கண் மட்டம் தரையிலிருந்து ஏறக்குறைய மூன்றடி. அதற்குக் கீழே தண்ணீர் தெறிக்கும். ஆண்கள் சிறுநீர் கழிக்கும் இடத்தில் ஐந்தடி.

சுவரில் ஒட்டும் தாளுக்கு 80, 90 ஜி.எஸ்.எம். மேப்லித்தோ நல்லது. பளபளப்பான ஆர்ட் பேப்பர் பசையைக் குடிக்காது, காய்ந்ததும் ஓரம் தூக்கிக்கொள்ளும். ஒரு கிலோ மைதாவை முதலில் பச்சைத் தண்ணீரில் கட்டியில்லாமல் கரைத்து, ஆறேழு லிட்டர் கொதிநீரில் ஊற்றிக் கிண்டினால் பசை. பூச்சி வராமல் மயில்துத்தம் கொஞ்சம் போடுவார்கள். ஆடு மாடு மேயும் தெருவில் அது வேண்டாம், போஸ்டரைக் கிழித்துத் தின்னும் ஆட்டுக்கு அது விஷம். பழைய போஸ்டரின் மேலேயே ஒட்டினால் மழையில் இரண்டும் சேர்ந்து பாளமாக வரும், சுரண்டிவிட்டு ஒட்ட வேண்டும். 1959-ஆம் ஆண்டுச் சட்டப்படி பொது இடச் சுவரை அனுமதியில்லாமல் அலங்கோலப்படுத்துவது குற்றம், விழிப்புணர்வு என்றாலும் கடிதம் வாங்கிக்கொள்வது நல்லது. மருத்துவமனைக்குள் இருபக்க டேப் வேண்டாம்: எடுக்கும்போது பெயின்ட்டோடு வரும் என்பதால் கண்காணிப்பாளரே கழற்றச் சொல்லிவிடுவார். சன்போர்டில் ஒட்டி நான்கு மூலையிலும் திருகாணி. லேமினேஷன் மேட்டாக இருக்கட்டும், பளபளப்பில் டியூப் லைட் வெளிச்சம் அடித்து நடுப்பகுதி தெரியாது.

சென்னையில் மொத்தமாக அச்சடித்து அனுப்பும் போஸ்டரில் உள்ளூர் அறை எண் இருக்க முடியாது என்பது நியாயம்தான். அதற்கு வழி, கீழே நான்கு அங்குல உயரத்துக்கு வெள்ளைக் கட்டம் விட்டு அச்சடிப்பது. அந்தந்த மருத்துவமனை தன் விவரத்தை ஸ்டிக்கராக ஒட்டிக்கொள்ளட்டும். லேமினேஷன் மேல் மார்க்கரில் எழுதினால் வாரத்தில் தேய்ந்துவிடும், ஸ்டிக்கர்தான் சரி. கட்டத்தில் இருக்க வேண்டியது:

"எச்.ஐ.வி. ரத்தப் பரிசோதனை. பணம் கிடையாது. நம்பிக்கை மையம், இந்தக் கட்டிடம், இந்த மாடி, இந்த அறை எண். இத்தனை மணியிலிருந்து இத்தனை மணி வரை. முதலில் தனியாகப் பேசுவார்கள், உங்கள் சம்மதம் வாங்கி ரத்தம் எடுப்பார்கள். முடிவை உங்களிடம் மட்டும் சொல்வார்கள். ஃபோனில் கேட்க: 1097, கட்டணமில்லை, எந்நேரமும்."

கதவில் என்ன பெயர் எழுதியிருக்கிறதோ அதே பெயர் போஸ்டரிலும் இருக்க வேண்டும். போஸ்டரில் ஐ.சி.டி.சி., கதவில் நம்பிக்கை மையம், வாட்ச்மேன் வாயில் "ரத்த டெஸ்ட் ரூம்" என்றிருந்தால் ஆள் மூன்று முறை விசாரிக்க வேண்டி வரும். இரண்டாவது முறையே வீட்டுக்குப் போய்விடுவார். தொற்று ஏற்பட்ட உடனே சோதனையில் தெரியாது, சில வாரம் ஆகும், சந்தேகம் இருந்தால் 3 மாதம் கழித்து இன்னொரு முறை எடுக்க வேண்டும் என்பதையும் ஒரு வரியில் சேர்க்கலாம். முதல் சோதனையில் தொற்று என்று காட்டினாலும் வேறு இரண்டு வகை கிட்டில் பார்த்து மூன்றும் ஒத்துவந்த பிறகே உறுதி செய்கிறார்கள் என்பதையும் சொன்னால் பாதிப் பயம் குறையும்.

சட்டம் பற்றிய போஸ்டர் அபூர்வம், அதனாலேயே வேண்டியிருக்கிறது. 2017-ஆம் ஆண்டு எச்.ஐ.வி., எய்ட்ஸ் தடுப்பு மற்றும் கட்டுப்பாட்டுச் சட்டம் 2018 செப்டம்பர் 10 முதல் அமலில் இருக்கிறது. சம்மதம் இல்லாமல் சோதிக்கக் கூடாது, சம்மதம் இல்லாமல் வெளியே சொல்லக் கூடாது, வேலையில் பள்ளியில் மருத்துவமனையில் பாகுபாடு காட்டக் கூடாது. தொற்றுள்ளவர்கள் மீது வெறுப்பைத் தூண்டும் எழுத்தோ படமோ அறிவிப்போ வைத்தால் 3 மாதம் முதல் 2 வருடம் வரை சிறை, ஒரு லட்சம் ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். போஸ்டர் வடிவமைக்கிறவர்கள் இந்தப் பிரிவைத் தாங்களும் ஒருமுறை படித்துக்கொள்வது நல்லது; அசுரன் படம் வரைவதற்கு முன்னால் குறிப்பாக.

ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு அமெரிக்காவின் ராச்செஸ்டர் பல்கலைக்கழகத்தில் உலகெங்கிலுமிருந்து சேர்த்த 8,000-க்கு மேற்பட்ட எய்ட்ஸ் போஸ்டர்கள் இருக்கின்றன, இணையத்தில் பார்க்கலாம். சேர்க்கத் தொடங்கியவர் எட்வர்ட் அட்வாட்டர் என்ற மருத்துவர். அலங்காரத்தில் நம்முடையவை அவற்றுக்குச் சளைத்தவை அல்ல. சுவிட்சர்லாந்தில் 1987-ல் வந்த "ஸ்டாப் எய்ட்ஸ்" போஸ்டரில் "ஓ" எழுத்துக்குப் பதிலாகச் சுருட்டிய ஆணுறை மட்டும். வேறு படமே இல்லை. அந்தச் சிக்கனம் நம் வடிவமைப்பாளர்களுக்கு இன்னும் கைவரவில்லை, ஒரு தாளில் பதினொரு விஷயம் சொல்லாவிட்டால் பணம் வீண் என்று நினைக்கிறார்கள்.

யாருக்குப் போஸ்டரே இல்லை என்றும் பார்க்க வேண்டும். பட்டுக்கோட்டை, முத்துப்பேட்டை, கூத்தாநல்லூர் பக்கம் வளைகுடாவுக்குப் போகிறவர்கள் விசா மெடிக்கலில்தான் முதன்முதலாகத் தங்கள் நிலையைத் தெரிந்துகொள்கிறார்கள், அதுவும் "அன்ஃபிட்" என்ற ஒரு சொல்லாக, பணமெல்லாம் கட்டிய பிறகு. பாஸ்போர்ட், டிக்கெட் எடுத்துக்கொடுக்கும் டிராவல்ஸ் கடைகளில் "மெடிக்கலுக்கு முன்னால் அரசு மருத்துவமனையில் இலவசமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், பேசவும் ஆள் உண்டு" என்று ஒரு ஸ்டிக்கர் வைக்கலாம். கடைக்காரர் மறுக்கக் காரணமில்லை.

நடவுக்கு இப்போது மேற்கு வங்கம், பீகார் ஆட்கள் குழுவாக வருகிறார்கள். தமிழ்ப் போஸ்டரை அப்படியே இந்தியிலும் வங்காளியிலும் மாற்றி அடித்தால் அவர்களுக்குப் பாதிதான் பயன்படும்: ஊரே புதிது என்கிறபோது "அரசு மருத்துவமனை" எங்கே என்று எப்படித் தெரியும்? எந்த பஸ், எந்த நிறுத்தத்தில் இறங்க வேண்டும், வாசலிலிருந்து எந்தப் பக்கம் என்று சிறு வரைபடத்தோடு ஏஜென்ட் கையில் கொடுத்தால், தங்கும் கொட்டகையின் கதவில் அவர்களே ஒட்டிக்கொள்வார்கள்.